குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமா?

வீட்டில் ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால், "நல்லா அசந்து தூங்குறார்" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். ஆனால், அந்தக் குறட்டை திடீரென நின்று, சில வினாடி அமைதிக்குப் பின் திணறலோடு மீண்டும் தொடங்கினால் அது சிரிக்கும் விஷயமல்ல. தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் நோயாக அது இருக்கலாம்.

ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைப் பெரிதாக எண்ணவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் வில்லியம் டிமென்ட் 1970ஆம் ஆண்டு தூக்கக் கோளாறுகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1975இல் இத்தகைய நிலையங்களுக்காக ஒரு சங்கம் உருவானது. டிமென்ட் அதன் முதல் தலைவரானார். அதுவே இன்றைய அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம்.

சிகிச்சை நிலையங்களுக்குத் தரச்சான்று வழங்குவதும், நோயாளியின் ஓர் இரவுத் தூக்கத்தை எப்படி அளப்பது என்று விதி வகுப்பதும் இக்கழகத்தின் முக்கியப் பணிகள். பெரியவர்கள் தினமும் குறைந்தது 7 மணி நேரம் தூங்க வேண்டும் என்று 2015இல் தூக்க ஆராய்ச்சிச் சங்கத்துடன் சேர்ந்து அது பரிந்துரைத்தது.

பரிசோதனையில் மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றால், அல்லது வெகுவாகக் குறைந்து உடலைப் பாதித்தால், அது ஒரு தடவையாகக் கணக்கிடப்படும். மணிக்கு 5 முதல் 14 தடவை என்றால் லேசான பாதிப்பு. 15 முதல் 29 வரை நடுத்தரம். 30ஐ எட்டினால் கடுமை. அதாவது, இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை மூச்சு தடைபடுகிறது!

ஒவ்வொரு முறையும் மூளை உடலைத் தட்டி எழுப்புவதால் ஆழ்ந்த தூக்கம் கிடைப்பதில்லை. இரத்த அழுத்தம் ஏறுகிறது; இருதயமும் பாதிக்கப்படலாம். பகலில் கண் சொக்குகிறது. லோரி, பேருந்து ஓட்டுபவருக்கு அந்த ஒரு நொடி போதும், உயிர் போக.

இதற்குச் சிகிச்சை உண்டு. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், முகமூடி வழியாகக் காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. உடல் எடையைக் குறைப்பதும், மதுவைத் தவிர்ப்பதும் பலருக்கு உதவும்.

குறட்டை விடுபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அருகிலுள்ள கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால், மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனை செய்ய அவரிடம் கடிதம் கேளுங்கள்.