பழைய இரும்பா, பெரும் புதையலா?

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் முன்னோர் மொழி. இந்தப் பழமொழிக்கு இக்காலத்தில் யானையினும் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. அதுதான் பழைய மோட்டார் சைக்கிள். துருவேறி, ஓட்டம் நின்று, கோழி அடையும் கொட்டிலில் கிடந்த யந்திரங்களுட் சில, பிற நாடுகளின் ஏலங்களிலே ஒரு பெரிய மாளிகையின் விலைக்குப் போயிருக்கின்றன. கேட்பதற்கு வியப்பாயினும் இஃது உண்மை.

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிள் என்றதும் சின்னத்துரையின் நினைவே முதலில் வரும். பதுளைப் பகுதியிலே 2036 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்கள் என்பது அப்பெயரின் பொருள். அதன் சரிவுகளிலே வளைந்து வளைந்து செல்லும் தோட்டத்துப் பாதைகளில், முற்காலத்துத் துரைமார் குதிரையேறி மலை பார்த்தனர். பின்னர் குதிரையின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. தூரத்து வளைவிலே அதன் உறுமல் கேட்டதும் கங்காணிமார் நிமிர்ந்து நிற்பர். கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சு அடங்கிவிடும். யந்திரத்தைக் காணுமுன்னரே, வருவது எந்தத் துரை என்று ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அத்தகைய யந்திரம் ஒன்றை நான் சிறு வயதிலே பார்த்திருக்கிறேன். நமுனுகுலச் சரிவிலுள்ள ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறக் கொட்டிலிலே அது சாய்ந்து கிடந்தது. பெட்ரோல் தாங்கி இல்லை. ஆசனத்தின் தோலை எலி தின்றுவிட்டது. ஆயினும் தொழிற்சாலையில் யந்திரங்களைப் பழுது பார்த்துவந்த முதியவர் ஒருவர், வாரந்தோறும் எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்து வைப்பார். "காபுரேட்டரைச் சுத்தஞ் செய்து ஓர் உதை கொடுத்தால் இன்றைக்கும் உறுமும், தம்பி" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

கொட்டில்களில் கிடைத்த செல்வம்

அம்முதியவரின் எண்ணம் வீண் எண்ணமன்று என்பதை, இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். அங்கே ஒருவரின் கொட்டில்களில் எட்டு மோட்டார் சைக்கிள்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூசி படிந்து கிடந்தன. சில பாகம் பாகமாகக் கழன்றிருந்தன. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவை ஏலத்துக்கு வந்தபோது, அவற்றுள் ஒன்று மட்டும் 331,900 பவுணுக்கு விற்பனையாயிற்று. அதுவும் ஓடக்கூடிய நிலையில் இருந்ததன்று!

அந்த எட்டும் 'பிரஃப் சுப்பீரியர்' என்னும் வகையைச் சேர்ந்தவை. நொட்டிங்ஹாம் நகரிலே ஜோர்ஜ் பிரஃப் என்பவர் 1919இல் தொடங்கிய தொழிற்சாலையிலே பிறந்தவை. அவருடைய தந்தையாரும் பிரஃப் என்ற பெயரிலேயே மோட்டார் சைக்கிள் செய்துவந்தவர். மகனோ தம்முடையதற்குச் 'சிறந்த பிரஃப்' என்று பொருள்படப் பெயர் சூட்டினார். அப்படியாயின் தம்முடையது தாழ்ந்த பிரஃப் ஆகிவிடுமோ என்று தந்தையார் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. 1924இல் வெளிவந்த 'எஸ்.எஸ். 100' என்னும் வகை, மணிக்கு நூறு மைல் வேகம் செல்லும் என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்டது. 1940இல் உற்பத்தி நின்றபோது, இருபது ஆண்டுகளிலும் செய்யப்பட்ட மொத்த யந்திரங்கள் ஏறத்தாழ மூவாயிரமே.

அமெரிக்காவிலும் இத்தகைய கதை உண்டு. 1908ஆம் ஆண்டின் ஹார்லி டேவிட்சன் ஒன்று, 1941இல் விஸ்கொன்சின் மாநிலத்துப் பண்ணைக் கொட்டிலொன்றிற் கண்டெடுக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அது 935,000 டொலருக்கு ஏலம் போயிற்று. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1951இல் செய்யப்பட்ட 'வின்சன்ட் பிளாக் லைட்னிங்' ஒன்று 929,000 டொலர் பெற்றது. அவ்வகையிற் செய்யப்பட்டவை ஏறக்குறைய முப்பதே. அந்த யந்திரமோ, 1953இல் அவுஸ்திரேலியாவிலே வேகச் சாதனை படைத்ததும் ஆகும்.

விலை எங்கிருந்து வருகிறது?

பழையன எல்லாம் பொன்னாகிவிடுமா? ஆகா. இரண்டாம் உலகப் போரின்போது பி.எஸ்.ஏ. கம்பெனி 'எம். 20' என்ற வகையை மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேல் செய்தது. உறுதியான நல்ல யந்திரம். ஆயினும் பலரிடமும் இருப்பதற்கு இத்தகைய விலை எழுவதில்லை. எண்ணிக்கைக் குறைவு முதற் காரணம். செய்தவனின் கைத்திறன் இரண்டாவது. யார் ஏறினார், எங்கே ஓடிற்று என்னும் வரலாறு மூன்றாவது. நான்காவது, பலரும் அறியாதது: அதன் அசல் நிலை.

ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலும் சட்டகத்திலும் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலைப் பதிவேட்டிலே அந்த இரண்டு இலக்கங்களும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தால், பிறந்தபோது இருந்த எஞ்சினே இன்றும் இருக்கிறது என்பது தெளிவாகும். பிரஃப் சுப்பீரியர் உரிமையாளர் சங்கத்தார் அத்தொழிற்சாலையின் பழைய பதிவுகளை இன்றும் பேணி வருகின்றனர். இலக்கத்தைச் சொன்னால் யந்திரத்தின் பிறப்பைச் சொல்வார்கள். ஆகவே, அழகுபடுத்தும் ஆசையால் துருவைச் சுரண்டும்போது இலக்கத்தையும் தேய்த்துவிட்டவன், தன் கையாலேயே தன் செல்வத்தை அழித்தவனாகிறான். பழைய வண்ணமும் அவ்வாறே. ஒருமுறை போனால் மீண்டும் வராது.

ஓர் உயிரும் ஓர் அறிவும்

வரலாறு விலை தரும் என்றோம். அதற்குச் சிறந்த சான்று 'அராபிய லோரன்ஸ்' எனப் புகழ்பெற்றவருடைய யந்திரம். அவர் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பிரஃப் சுப்பீரியர்களை வைத்திருந்தவர். 1935 மே 13ஆம் நாள், சைக்கிளில் வந்த இரு சிறுவர்மீது மோதாமல் திருப்பியபோது தூக்கியெறியப்பட்டார். ஆறு நாட்களில் உயிர் நீத்தார். வயது நாற்பத்தாறு. தலையில் கவசம் இல்லை.

அவருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்களுள் ஒருவராகிய ஹியூ கெயின்ஸ், அந்த மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துக்களில் நேரும் தலைக்காயங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை 1941இல் எழுதி வெளியிட்டார். இன்று நம் இளைஞர்கள் வேண்டாவெறுப்பாக அணிந்து செல்லும் தலைக்கவசத்தின் பின்னே இக்கதை இருக்கிறது. நூறு மைல் வேகத்தைவிட அந்த அறிவே பெரிய பேறு அன்றோ?

தமிழ்க் கைகளில் வாழ்ந்த யந்திரம்

இன்னொன்றையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். பேணுதல் என்பது பூட்டி வைப்பது மட்டுமன்று. இங்கிலாந்தின் ரெடிச் நகரிற் பிறந்த 'றோயல் என்பீல்ட்', 1955 தொடங்கிச் சென்னையிலும் உருவாக்கப்பட்டது. பின்னர் ஆங்கிலக் கம்பெனி மூடப்பட்டது. ஆயினும் திருவொற்றியூர்த் தொழிலாளரின் கைகளிலே 'புல்லட்' தொடர்ந்து வாழ்ந்தது. பிறந்த வீடு கைவிட்டதைப் புகுந்த வீடு காப்பாற்றிற்று என்று சொல்லலாம். ஏலக்காரர் பார்வையில் அது அரிய பொருளன்று. ஆனால் ஒரு யந்திரத்தை உயிரோடு வைத்திருப்பது அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கையே என்பதற்கு, இதனினும் நல்ல சாட்சி வேண்டுவதில்லை.

நோட்டுப் புத்தகம்

நம் தோட்டங்களிலும் அத்தகைய கைகள் இருந்தன. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமாரின் காலம் மாறிற்று. நான் கண்ட அந்த மோட்டார் சைக்கிளும், கொட்டிலைத் துப்புரவு செய்த ஒரு நாளிலே, பழைய தகரங்களோடு தராசில் ஏறிற்று. நிறைக்கு என்ன விலையோ அதுவே அதற்கும். லொறி வளைவைத் தாண்டும் வரை முதியவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எஞ்சின் இலக்கத்தின் பெருமையை நான் அறிந்துகொண்டபோது அவர் காலமாகிவிட்டார். அவருடைய வீட்டாரைச் சென்று கேட்டேன். எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் மாற்றிய நாட்கள், தேய்ந்த பாகங்கள், அவரே கடைந்து பொருத்திய திருகாணிகள் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. எஞ்சின் இலக்கமும் இருந்தது. எந்தக் கம்பெனியின் யந்திரம் என்பது மட்டும் எங்கும் இல்லை. அந்தப் பெயரை யார் மறக்கப் போகிறார்கள் என்று எண்ணினார் போலும்!

அது பி.எஸ்.ஏ.யோ, நோர்டனோ, அன்றி உலகமே தேடும் அரிய வகையோ, இனிச் சொல்வார் இல்லை.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுக் கொட்டிலிலோ தோட்டத்துக் களஞ்சியத்திலோ பழைய யந்திரம் எதுவாயினும் கிடந்தால், இரும்புக்காரரை அழைக்குமுன் அதன் பெயரையும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். ஒரு படமும் எடுங்கள். அதைப் பழுது பார்த்த பெரியவர் உயிரோடு இருந்தால், அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். யந்திரத்துக்கு விலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவர் சொல்லப்போவதற்கோ, தராசும் இல்லை, ஏலமும் இல்லை.