பூவா, கயிறா?

செல்வச்சந்நிதி முன்றிலிலே பழைய மாணாக்கர் ஒருவர் எம்மைக் கண்டார். மகளைக் கனடாவுக்கு மணமுடித்து அனுப்புவதா என்று துணிய இயலாது தவித்தார். "ஐயா, பூக்கட்டிப் பார்க்கவோ, கயிறு சாத்தவோ?" என்றார். மேனாட்டார் 78 டாரட் சீட்டுகளுக்கும், தொகைவரையறையற்ற அருள்வாக்குச் சீட்டுகளுக்கும் இடையே மயங்குவதும் இவ்வாறே.

பொட்டலத்து வெண்பூவும் செம்பூவும் ஆம், அன்று என்பதோடு அமையும். திருமுறை ஏட்டிடையே சாத்திய கயிறோ பாட்டொன்றைத் தரும். பொருள்காணும் பொறுப்பு நம்முடையது. பிள்ளையில்லாத அச்சுத களப்பாளருக்கு அருணந்தி சிவாசாரியார் கயிறு சாத்த, சம்பந்தரின் திருவெண்காட்டுப் பாட்டு வந்தது. அவர் ஆங்குச் சென்று முக்குளத்தில் மூழ்கி வழிபட்டார். மெய்கண்டார் பிறந்தார் என்பது மரபு. பூவெனின் அத்துணை நடை ஏது?

"கயிறே சாத்தும், மகளைக் கேட்டீரோ?" என்றோம். அவர் விடைகூறாது வீடு நோக்கி நடந்தார்.