பின்னோக்கி ஓடுபவரை எடைபோடுதல்

காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதும் பிடிப்பதுமே மிகுந்திருக்கும் அமெரிக்கக் கால்பந்தில், அணிக்கு 11 பேர் வீதம் மோதும் களத்தின் பின்வரிசையில் நின்று, எதிரணி எறியும் பந்து உரியவரின் கைக்குப் போய்ச் சேராமல் காப்பவர்களை டிஃபென்சிவ் பேக் என்ற பொதுப்பெயரால் குறிப்பிடுவர். பந்தைப் பிடிப்பதற்கென்றே ஓடும் ரிசீவரைக் களத்தின் ஓரங்களில் நேருக்கு நேர் எதிர்கொள்பவர் கார்னர்பேக். அனைவருக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்பவர் சேஃப்டி. எதிரணிகள் 3 ரிசீவர்களுடன் ஆடுவது வழக்கமாகிவிட்ட பிறகு, உள்பக்க ரிசீவரைக் கவனிப்பதற்காக ஐந்தாவதாகச் சேர்க்கப்படுபவர் நிக்கல். எந்த இடத்தில் திரும்பப் போகிறோம் என்பதை முன்பே அறிந்துகொண்டு ரிசீவர் முன்னோக்கி ஓட, அதை அறியாத கார்னர்பேக் முதல் சில கெஜங்களைப் பெரும்பாலும் பின்னோக்கி ஓடியபடியே எதிராளியின் இடுப்பசைவைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருப்பதால், இவ்விளையாட்டின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

கல்லூரி அணிகளில் இவ்வேலையைச் செய்யும் இளைஞர்களுள் எவர் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவார் என்பதை என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 32 அணிகளும் ஒவ்வோர் ஆண்டும் முடிவு செய்தாக வேண்டும். முந்தைய பருவத்தில் கடைசியாக நின்ற அணி முதலிலும் வாகை சூடிய அணி இறுதியிலுமாக வரிசைப்படி ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்ட் என்னும் முறை 1936இல் தொடங்கியது; இன்று 7 சுற்றுகளில் ஏறத்தாழ 250 பேர் அதில் தெரிவாகின்றனர். டிஃபென்சிவ் பேக் ஒருவரைப் பொறுத்தவரை, மதிப்பீட்டாளரின் உண்மையான வேலை கூட்டலன்று, கழித்தல். கல்லூரியில் அவர் பெற்ற வெற்றியில் கல்லூரி விதிகளும் எதிராளிகளின் எளிமையும் தந்த பங்கைக் கழித்துவிட்டால் எஞ்சுவது எவ்வளவு என்பதே கேள்வி.

விதிகளிலிருந்தே இக்கழித்தல் தொடங்குகிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மெல் பிளவுண்ட் போன்ற வலிமை மிக்க கார்னர்பேக்குகள் ரிசீவர்களைக் களம் முழுவதும் இடித்துத் தள்ளி ஆட்டத்தையே முடக்கிவந்ததால், ஒவ்வொரு நகர்வும் தொடங்கும் கோட்டிலிருந்து 5 கெஜங்களுக்கு அப்பால் ரிசீவரைத் தொட்டுத் தடுக்கக் கூடாது என்ற விதியை என்.எஃப்.எல். 1978இல் கொண்டுவந்தது. கல்லூரி ஆட்டத்திலோ அத்தகைய 5 கெஜ வரம்பு இல்லை. பந்து எறியப்படும்வரை எதிராளியைத் தோளாலும் கையாலும் நெருக்கிக்கொண்டிருக்க அங்கே பெருமளவு இடமுண்டு. பந்து வரும் வேளையில் ரிசீவரைப் பிடித்து இழுக்கும் குற்றத்துக்கான தண்டனையும் வேறுபடுகிறது. கல்லூரியில் அது 15 கெஜங்களுக்கு மேற்படாது. தொழில்முறை ஆட்டத்தில் குற்றம் நிகழ்ந்த இடத்துக்கே பந்து கொண்டுசெல்லப்படும் என்பதால், 50 கெஜத் தொலைவில் ஒருவரின் சட்டையைப் பிடித்திழுத்தால் 50 கெஜமும் பறிபோகும். ஆகவே, தோற்றுப்போகும் நிலையில் கையால் இழுத்துத் தப்பும் பழக்கமுடைய கல்லூரிக் கார்னர்பேக், அங்கே மலிவான விலை கொடுத்துப் பெற்ற அதே பாதுகாப்பைத் தொழில்முறைக் களத்தில் பெற முடியாது. நெருங்கி ஆடுவதையும் பற்றி இழுப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மதிப்பீட்டாளர் இங்கேயே தவறிவிடுகிறார்.

களத்தின் அகலம் இரு ஆட்டங்களிலும் ஒன்றே, 160 அடி. ஆயினும் அந்த அகலம் பயன்படும் விதம் ஒன்றல்ல. ஒரு நகர்வு ஓரத்தில் முடிந்தால், அடுத்த நகர்வுக்கான பந்து ஹேஷ் எனப்படும் உள்கோட்டுக்குக் கொண்டுவந்து வைக்கப்படும். கல்லூரியில் இவ்விரு உள்கோடுகளுக்கும் இடையே 40 அடி இருக்க, என்.எஃப்.எல். களத்தில் அவை 18 அடி 6 அங்குலமே விலகி நிற்கின்றன. இதன் விளைவாக, கல்லூரிக் களத்தில் பந்து ஓர் உள்கோட்டில் இருக்கும்போது ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியுமாகப் பெருத்த வேறுபாடு உண்டாகிறது. பல கல்லூரி அணிகள் ஒரு கார்னர்பேக்கை எப்போதும் குறுகிய பக்கத்திலும் மற்றொருவரை எப்போதும் அகன்ற பக்கத்திலும் நிறுத்துவதற்கு இதுவே காரணம். குறுகிய பக்கத்தில் எல்லைக்கோடே ஒரு துணைக்காவலராக நின்றுவிடுவதால், அங்கு மட்டுமே ஆடிய ஒருவரின் சாதனையை அப்படியே எடுத்துக்கொள்வது பிழையாகும். அகன்ற பக்கத்தில் நின்றவரை நோக்கியோ, அவ்வளவு தொலைவுக்கு உரிய நேரத்தில் எறியத்தக்க வலிமை பல கல்லூரிக் குவார்ட்டர்பேக்குகளின் கைகளுக்கு இல்லாததால், பந்து குறைவாகவே வந்திருக்கக்கூடும். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். அவருடைய கைவலிமை, மறுமுனையில் நிற்கும் கார்னர்பேக்கின் மதிப்பெண்ணை இவ்வாறு மறைமுகமாக எழுதிவிடுகிறது.

பொதுமக்களின் கவனத்தை அதிகம் ஈர்ப்பது கடிகாரம். 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்றுவரும் கம்பைன் என்னும் சோதனை முகாம், அடிப்படையில் மருத்துவப் பரிசோதனைகளை ஒரே இடத்தில் முடித்துக்கொள்வதற்காக ஏற்பட்டதாயினும், தொலைக்காட்சியில் பெரிதாகப் பேசப்படுவது அங்கு நடக்கும் 40 கெஜ ஓட்டமே. 2022 முகாமில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் கேலன் பார்ன்ஸ் அத்தொலைவை 4.23 விநாடியில் ஓடி, கார்னர்பேக்குகளில் அதுவரை எவரும் காட்டியிராத வேகத்தைக் காட்டினார். அவ்வேகம் அவருக்குப் பெற்றுத் தந்தது ஏழாவது சுற்றில் ஓர் இடம் மட்டுமே, அவரைத் தெரிவு செய்த கரோலைனா அணியும் பருவம் தொடங்குமுன் அவரை விடுவித்துவிட்டது. அதே முகாமில் 4.26 விநாடியில் ஓடிய, 6 அடி 4 அங்குல உயரமுடைய தாரிக் வூலன், 153ஆவது தெரிவாகச் சியாட்டில் அணிக்குச் சென்று, முதல் பருவத்திலேயே 6 முறை பந்தை இடைமறித்துக் கூட்டமைப்பின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு 11 ஆண்டுகள் முன்னர், 2011இல், அதே சியாட்டில் அணி 154ஆவதாகத் தெரிவு செய்த ரிச்சர்ட் ஷெர்மன் அத்தொலைவை 4.5 விநாடிக்குச் சற்று மேலான நேரத்திலேயே ஓடியவர். 2013இல் 8 இடைமறிப்புகளுடன் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றவரும் அவரே. வூலன், ஷெர்மன் இருவருமே கல்லூரியில் முதலில் ரிசீவராக இருந்து பின்பு கார்னர்பேக்காக மாறியவர்கள், இருவருமே நெடிய கைகளை உடையவர்கள் என்பது தற்செயலன்று; அத்தகைய உடலமைப்பையே அவ்வணியின் காப்பு முறை நாடிவந்தது. சேஃப்டிகளிடம் கடிகாரம் இன்னும் கூடுதலாகவே ஏமாற்றுகிறது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கைல் ஹாமில்டன் 4.59 விநாடி எடுத்துக்கொண்டதைக் கண்டு பலர் முகம் சுளித்தனர். 14ஆவதாக அவரைத் தெரிவு செய்த பால்டிமோர் அணிக்கு, 2023இல் கூட்டமைப்பின் தலைசிறந்த அணியில் இடம்பெற்ற ஆட்டக்காரராக அவர் பயன் தந்தார்.

நேராக, முன்னோக்கி, தான் விரும்பிய நொடியில் புறப்படும் ஓட்டத்தை அளக்கும் கருவி, பிறர் விருப்பத்துக்கேற்பத் திசை மாற வேண்டியவரின் திறனை ஓரளவே அளக்கும் என்பதில் வியப்பில்லை. மதிப்பீட்டாளர்கள் அதைவிடக் கூர்ந்து பார்ப்பது இடுப்பை. பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பவர் உடலை நிமிர்த்தாமல், வேகம் குன்றாமல், ஒரே அசைவில் இடுப்பைத் திருப்பி முன்னோட்டத்துக்கு மாறுகிறாரா, அல்லது காலை ஊன்றி நின்று திரும்புவதற்குள் இரண்டு கெஜம் இழந்துவிடுகிறாரா என்பது பெரும்பாலும் ஆட்டப் படங்களிலேயே தெரியும். தொலைக்காட்சிக் கேமரா பந்தையே தொடர்வதால் கார்னர்பேக் பாதி நேரம் திரைக்கு வெளியேதான் இருக்கிறார். ஆகையால் 22 பேரும் ஒருசேரத் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கப்படும் படமே தொழில்முறைப் பயிற்சியாளர்களின் பாடநூல். பந்து தன் பக்கம் வராத நகர்வுகளிலும் அவர் ரிசீவரோடு ஒட்டி ஓடினாரா, ஏமாந்த பிறகு பதறாமல் இடைவெளியை மூடினாரா, பந்து வரும் நேரத்தைத் தலையைத் திருப்பாமலே எதிராளியின் கண்களிலும் கைகளிலும் படித்தாரா என்பனவெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

புள்ளிவிவரங்களில் மிகவும் மயக்குவது இடைமறிப்பு எண்ணிக்கை. ரன் கொடுக்காமல் ஒரு முனையைக் கட்டிப்போடும் பந்துவீச்சாளரின் பெயரில் விக்கெட் குறைவாக இருப்பதுபோல, நன்றாகக் காக்கும் கார்னர்பேக்கை நோக்கிக் குவார்ட்டர்பேக் எறியவே அஞ்சுவதால், அவருடைய கணக்கு வெறுமையாகத் தோன்றும். ஓக்லண்ட் அணியின் நம்டி அசொமுவா 2006இல் 8 இடைமறிப்புகள் செய்தபின், அடுத்த 3 பருவங்களில் பருவத்துக்கு ஒன்றே செய்தார். ஆனால் அவர் நாட்டின் தலைசிறந்த கார்னர்பேக்குகளில் ஒருவராகப் போற்றப்பட்டது அந்த ஆண்டுகளில்தான். இதற்கு மாறாக, 2021இல் 11 இடைமறிப்புகளுடன் முதலிடம் பெற்ற டாலஸ் அணியின் டிரெவன் டிக்ஸ், துணிந்து பாய்ந்ததன் விலையாக அதே பருவத்தில் எதிராளிகளுக்கு ஏராளமான கெஜங்களையும் விட்டுக்கொடுத்தார். கல்லூரிப் பதிவேட்டில் 7 என்றோ 1 என்றோ காணும் எண்ணை விட, எத்தனை முறை அவரை நோக்கிப் பந்து எறியப்பட்டது, அவற்றுள் எத்தனை பிடிக்கப்பட்டன என்ற கணக்கே நம்பத்தக்கது.

எதிராளியின் தரம் அடுத்த சிக்கல். ஓஹையோ மாநிலத்தின் டொலீடோ போன்ற சிறிய கூட்டமைப்புப் பல்கலைக்கழகத்தில் ஆடிய குவின்யன் மிட்செல், 2022இல் ஒரே ஆட்டத்தில் 4 முறை பந்தை இடைமறித்தபோதும், எதிரே நின்றவர்கள் யார் என்ற ஐயம் அவரைத் தொடர்ந்தது. கல்லூரி இறுதியாண்டினரை ஒன்றுதிரட்டி அலபாமாவின் மொபீல் நகரில் ஆண்டுதோறும் நடத்தப்படும் சீனியர் பவுல் பயிற்சிகளில், பெரிய பல்கலைக்கழகங்களின் ரிசீவர்களை 2024இல் அவர் தனித்தனியே எதிர்கொண்டு சமாளித்ததும் அந்த ஐயம் பெரும்பாலும் கரைந்தது. பிலடெல்ஃபியா அணி 22ஆவதாக அவரைத் தெரிவு செய்தது. துணைக்கு எவருமின்றி ஒருவரோடொருவர் மோதும் அப்பயிற்சி ரிசீவருக்கே சாதகமானது என்பதால், அங்கே தோற்பதற்குப் பெரிய பொருளில்லை, வெல்வதற்கு உண்டு.

அதே ஆண்டு அதே அணி 40ஆவதாகத் தெரிவு செய்த அயோவாவின் கூப்பர் டிஜீன், எந்த இடத்தில் ஆடுவார் என்பதிலேயே கருத்து வேறுபாட்டுக்கு உள்ளானவர். கல்லூரியில் ஓரக் கார்னர்பேக்காக இருந்த அவரைச் சிலர் சேஃப்டி என்றனர். காலெலும்பு முறிவினால் கம்பைனில் அவர் ஓடவுமில்லை. பிலடெல்ஃபியா அவரை நிக்கலாக்கியது. 2025 பிப்ரவரி 9 அன்று நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில், தம் 22ஆவது பிறந்தநாளில், எதிரணியின் பந்தை இடைமறித்து 38 கெஜம் ஓடிப் புள்ளி சேர்த்தார். ஆளின் தரத்தைச் சரியாகக் கணித்து இடத்தைத் தவறாகக் கணிப்பதும் தோல்விதான் என்பதைப் பல அணிகள் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

உடல்நலத்தைக் கணிப்பதற்கு எந்தப் படமும் உதவாது. ஓஹையோ ஸ்டேட்டின் ஜெஃப் ஒக்கூடாவை டெட்ராயிட் 2020இல் மூன்றாவதாகத் தெரிவு செய்தபோது அதைக் குறை கூறியவர் சிலரே. 2021 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் நாண் அறுந்தது, 2023இல் அவர் அட்லாண்டாவுக்கு மாற்றப்பட்டார்.

இத்தனை அளவுகோல்களும் பிறப்பதற்கு முன்பு, எந்த அணியாலும் டிராஃப்டில் தெரிவு செய்யப்படாத டிக் லேன், இளநிலைக் கல்லூரி ஒன்றில் சிறிது காலமே ஆடி, பின்பு ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, 1952இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் அலுவலகத்துக்குத் தாமாகவே சென்று வாய்ப்புக் கேட்டார். ரிசீவராக வந்தவரைப் பயிற்சியாளர்கள் காப்பு வரிசைக்கு மாற்றினர். 12 ஆட்டங்களே கொண்ட அந்த முதல் பருவத்தில் அவர் செய்த 14 இடைமறிப்புகளை, பருவம் 17 ஆட்டங்களாக நீண்டுவிட்ட இன்றும் எவரும் எட்டவில்லை.