திண்ணை பார்த்த வாசல், கேமரா மறந்த கொல்லை

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சாலையோரப் புது வீடுகளில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் முனையில் திருஷ்டிப் பொம்மை, பக்கத்திலேயே வெள்ளையாக ஒரு கேமரா. இரண்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பல வீடுகளில் இரண்டுக்கும் வேலையும் ஒன்றுதான்: கெட்ட எண்ணத்தோடு பார்க்கிறவனை மிரட்டுவது. இருபதடி உயரத்திலிருந்து அந்தக் கேமரா எடுக்கிற படத்தில் வந்தவனின் உச்சந்தலை தெரியும், தொப்பி தெரியும். முகம் தெரியாது.

பழைய தஞ்சாவூர் வீட்டில் காவல் இப்படி மாடியேறி நிற்கவில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று வீடு பின்னால் நீண்டுகொண்டே போகும். திண்ணையில் வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருப்பார். "யாரது? எந்த ஊரு? யார் வீட்டுக்கு?" என்று மூன்று கேள்வி கேட்காமல் அந்நியன் யாரும் தெருவைத் தாண்ட முடியாது. உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்ப்பதால் முகம் நேருக்கு நேர் பதியும். கோடையில் ராத்திரிப் படுக்கையும் அங்கேதான்.

ஆனால் திருடன் வாசலை நம்பி வந்தவனில்லை. அவனுக்குக் கொல்லைதான் வழி. கொல்லைக்குப் பின்னால் வாய்க்காலோ மூங்கில் கொத்தோ இருக்கும். அதைத் தாண்டினால் வயல், ஆள் நடமாட்டம் கிடையாது. மண்சுவரில் கன்னக்கோல் போட்டுத் துளைப்பதும் பின்பக்கத்தில்தான். அதனால்தான் மாட்டுத் தொழுவம் கொல்லையில் இருந்தது; நாய் அங்கே படுத்தது; கிளுவையும் முள்ளும் சேர்த்து வேலி அடைத்தார்கள். ராத்திரி மாட்டின் கழுத்துமணி வழக்கத்துக்கு மாறாக ஒலித்தால் அடுக்களைப் பக்கம் படுத்திருக்கும் பாட்டி எழுந்துவிடுவாள். முன்பக்கத்துக்கு மனிதக் கண், பின்பக்கத்துக்குக் காது என்று பங்கு பிரித்திருந்தார்கள்.

இதையெல்லாம் விடக் கெட்டிக்காரத்தனம் களத்தில் இருந்தது. அறுத்து அடித்துத் தூற்றிய நெல் அன்றைக்கே வீடு வந்து சேராது. அம்பாரமாகக் குவிந்து ஓரிரு ராத்திரி களத்திலேயே கிடக்கும். அளந்து பங்கு பிரிக்கும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. அதற்காக அம்பாரத்தைச் சுற்றிச் சாணிப்பாலோ சாம்பலோ தெளித்துக் கோடு போடுவார்கள். பெரிய பண்ணைகளில் எழுத்து வெட்டிய மர முத்திரையை அதன்மேல் அழுத்தி வைப்பதும் உண்டு. நெல்குவியலின் சரிவில் ஒரு கை அள்ளினால் போதும், மேலே இருக்கிற மணிகள் கீழே வழிந்து கோடு உடைந்துவிடும். காலையில் வந்து கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ராத்திரி கை பட்டதா இல்லையா என்று. அசைவு தெரிந்தால் செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது என்று இன்றைக்குக் கடைக்காரர் சொல்லி விற்கும் வசதியின் பாதி வேலையைச் சாணிப்பால் செய்துவிட்டது. யார் எடுத்தது என்று மட்டும் அது சொல்லாது.

காவல் என்பது இந்த ஊர்களில் ஒரு தனிப் பொருளாதாரமாகவே இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரியே வருகிறது. பிற்காலத்தில் காவல்காரருக்குக் களத்திலேயே நெல்லில் பங்கு. மாடு காணாமல் போனால் துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். சில இடங்களில் பிடித்துப் போனவரும் துப்புச் சொன்னவரும் ஒரே கூட்டம் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். தலையாரி இருந்தார். பகுதிநேரக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980இல் எடுத்துவிட்டு முழுநேர கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தபோது அந்தப் பழைய ஊர் அமைப்பும் கலைந்தது. கலைந்ததற்காக முழுக்க வருத்தப்படவும் முடியவில்லை. சாணிப்பால் கோடு யாரைச் சந்தேகித்துப் போடப்பட்டது? அந்த நெல்லை நட்டு, அறுத்து, அடித்தவர்களைத்தான். திண்ணையின் மூன்று கேள்விகளும் எல்லோரிடமும் ஒரே குரலில் கேட்கப்பட்டவை அல்ல; சிலர் அந்தத் தெருவுக்குள் வரவே முடியாது. தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கென்று தனியாக 1952இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் போடவேண்டி வந்தது சும்மா இல்லை.

இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து டிராக்டரில் கொட்டிவிடுகிறது. நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. பத்தாயத்தைப் பழைய சாமான் வியாபாரி வாங்கிப் போய்விட்டார். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணியாயிற்று. பெரியவர் உள்ளே டிவி முன்னால். சின்னச் சிங்கப்பூர் என்று பேர் வாங்கிய கூத்தாநல்லூரில் மட்டுமல்ல, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று எங்கே போனாலும் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில். பல வீட்டில் கேமரா மாட்டச் சொன்னவனும் அவன்தான். "அம்மா, கொல்லைக் கதவு தொறந்தே கெடக்கு பாரு" என்று சிங்கப்பூரிலிருந்து போன் வருகிறது. அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அவன் படுக்கப் போகுமுன் ஊர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறான்.

அவனுக்கு அந்தக் கதவு தெரிந்தது அதிர்ஷ்டம். பாதி வீடுகளில் கொல்லையில் கேமராவே கிடையாது. வாசலுக்கு இரண்டு, மாடிக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று நாலும் முடிந்துவிடும். மாடும் நாயும் போய், வேலி போய், ஐந்தடிக் காம்பவுண்டுச் சுவர் வந்த பிறகு கொல்லை முன்பைவிடத் திறந்து கிடக்கிறது. பணம் ஒரே ஒரு கேமராவுக்குத்தான் இருக்கிறது என்றால் கொல்லைக் கதவுக்குப் போடுங்கள் என்பேன். அடுத்தது வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஓடுகிற சந்து. வாசல் மூன்றாவதாக வரட்டும்.

உயரம் எட்டிலிருந்து பத்தடி. அதற்குக் கீழே என்றால் திருடன் கை எட்டி வானத்தைப் பார்த்துத் திருப்பிவிடுவான். மேலே போனால் தலைதான் தெரியும். சன்ஷேடுக்குக் கீழே வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி நனையாது. ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டி வைத்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புகையாகிவிடும். கொஞ்சம் முன்னுக்கு நீட்ட வேண்டும். கிழக்கு மேற்காகப் பார்க்கிற கேமராவுக்குக் காலையிலோ மாலையிலோ கண் கூசும். ரேழி மாதிரி இருட்டான இடத்திலிருந்து வாசல் வெளிச்சத்தைப் பார்க்க வைத்தால் வருகிறவன் கறுப்பு உருவமாகத்தான் பதிவாவான்.

சம்பா வயல் பக்கத்தில் இருந்தால் இன்னொரு தொல்லை. தீபாவளியை ஒட்டிய ராத்திரிகளில் பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடிக் கூட்டமாக வரும். அதைத் தின்னச் சிலந்தி வரும். கேமராவின் முகத்திலேயே வலை கட்டும். காற்றில் ஆடும் ஒரு நூலை மனிதன் என்று நினைத்து ராத்திரி முழுக்கச் செய்தி அனுப்பும் கேமராவை மூன்றாம் நாள் வீட்டுக்காரரே அணைத்துவிடுவார். விளக்கைக் கேமராவிலிருந்து பத்தடி தள்ளி மாட்டினால் பூச்சி அங்கே போகும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் தட்டிவிடுவதும் பராமரிப்புதான். தென்னை மட்டை படத்துக்குள் ஆடாதபடி கோணத்தைத் திருப்புங்கள். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் கீழே சொட்டிவிடும்.

போர்செட்டில் காப்பர் வயரை உருவிக்கொண்டு போகிற திருட்டு இப்போது அதிகம். வயலில் சிம் கார்டு போட்டு சோலாரில் ஓடும் கேமரா அதற்காக வந்ததுதான். வீட்டுக்கும் அந்த யோசனை கெட்டதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை; இன்வெர்ட்டரை நம்பிய கேமரா எல்லாம் முதல் நாளே கண்ணை மூடியிருக்கும்.

கொல்லைக்குக் கேமரா வைக்கும்போது பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும். இங்கே பம்பு, துவைக்கிற கல், குளியலறை எல்லாம் பின்பக்கம்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம் உங்கள் படத்தில் வந்தால் அது வெறும் மனஸ்தாபத்தோடு நிற்காது. அந்தரங்கமான நிலையில் ஒரு பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். நல்ல கேமராக்களில் படத்தின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கறுப்பாக்கிவிட வசதி உண்டு. அதைச் செய்துவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிவிடுவது நல்லது.

கடைசியாக, பதிவுப் பெட்டி. அதை டிவிக்குக் கீழேயே வைக்கிறார்கள். போகும்போது திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போகிறான், அந்தச் செய்தி நாளிதழில் அடிக்கடி வருகிறது. பரணிலோ பூட்டிய அலமாரியிலோ காற்றோட்டத்தோடு வையுங்கள். பூட்டிக் கிடக்கிற வீடென்றால் ஹார்ட் டிஸ்க்கின் அளவையும் பாருங்கள். நாலு கேமரா ஓயாமல் பதிந்தால் ஒரு டெராபைட் இரண்டு மூன்று வாரத்தில் நிரம்பி, பழையதன்மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். கார்த்திகையில் பூட்டு உடைந்த வீட்டுக்குப் பொங்கலுக்கு வந்து இறங்குகிற பிள்ளை திரையில் பார்க்கப்போவது மார்கழிக் கோலத்தை மட்டும்தான்.