பென்ஷன் வாங்கும் மாற்றுத்திறனாளிக்கு வேலையில்லாதோர் தொகையும் கிடைக்குமா?

நெல்லில் குலைநோய், தென்னையில் வெள்ளை ஈ என்று வரும் கேள்விகளுக்கு நடுவே, கொஞ்ச நாளாக வேறு மாதிரியான கேள்விகளும் வருகின்றன.

‘கதிரடிக்கும் மெஷினில் கை போய்விட்டது. மாதம் 1,500 ரூபாய் பென்ஷன் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருக்கிறேன். வேலை இல்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் தொகைக்கும் எழுதிப் போடலாமா?’

‘பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு நூறு நாள் வேலை கிடையாது என்கிறார்களே, உண்மையா?’

‘எங்களுக்கு ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது என்று சொல்லி, கால் நடக்க முடியாத மகளின் பென்ஷன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். வேறு வழி உண்டா?’

இதை வேளாண்மை அலுவலர் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கிய கை, தென்னையிலிருந்து விழுந்து உடைந்த முதுகு, கிணறு வெட்டும்போது போன கண் எல்லாமே விவசாயத்தில் நடப்பவைதான். அந்தக் குடும்பங்கள் விவரம் கேட்டு முதலில் படியேறுவது பெரும்பாலும் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத்தான். அதனால் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் 2024-25 நிதியாண்டின் நிலவரம்.

மூன்று பணம், மூன்று அலுவலகம்

ஊரில் எல்லாவற்றையும் ‘உதவித்தொகை’ என்றே சொல்கிறோம். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. உண்மையில் இவை மூன்றும் வேறு வேறு.

முதலாவது, குறைபாட்டுக்காகக் கொடுப்பது. வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய். 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து உயர்த்தினார்கள். 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் மனுச் செய்தால், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவுசெய்வார். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாகப் பராமரிப்பு உதவித்தொகை என்று மாதம் 2,000 ரூபாய் தருகிறது. 75 சதவிகிதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் போன்றோருக்கானது அது. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும்.

இரண்டாவது, படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருப்பதற்காகக் கொடுப்பது. இதன் பெயர் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தருகிறது.

மூன்றாவது, நூறு நாள் வேலையைக் கேட்டும் கொடுக்காவிட்டால் கிடைக்க வேண்டிய வேலையின்மைப் படி. ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் வருவது. கேட்க வேண்டிய இடம் ஊராட்சியும் ஒன்றிய அலுவலகமும்.

வேலைவாய்ப்பு அலுவலகத் தொகை யாருக்கு?

பொதுப் பிரிவினருக்கு இந்தத் தொகை மாதம் 200 ரூபாயில் ஆரம்பித்து, பட்டதாரிக்கு 600 ரூபாய் வரை. மூன்று ஆண்டுகள்தான் கிடைக்கும். பதிவுசெய்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் நன்றாகவே தளர்த்தப்பட்டிருக்கின்றன. பத்தாம் வகுப்பு அல்லது அதற்குக் கீழே படித்தவர்களுக்கு 600 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 750 ரூபாய், பட்டதாரிக்கு 1,000 ரூபாய். பதிவுசெய்து ஓராண்டு முடிந்தாலே போதும். பத்து ஆண்டுகள் கிடைக்கும். வயது வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. கடைசியில் சொன்ன இந்த ஒரு வரியை நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குக் கிடைக்காது? பள்ளி, கல்லூரியில் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடையாது. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்குத் தடையில்லை. பொறியியல், மருத்துவம், கால்நடை மருத்துவம், சட்டம், விவசாயம் ஆகிய தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கும் கிடையாது. சுயதொழில் செய்பவர்களும் சம்பளம் வாங்குபவர்களும் கேட்க முடியாது. அரசிடமிருந்து வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் கேட்க முடியாது. பென்ஷன் வாங்குபவர்களைத் தடுப்பது இந்தக் கடைசி விதிதான்.

இரண்டில் எது?

ஆகவே, முதல் கேள்விக்குப் பதில் ‘முடியாது’ என்பதுதான். 1,500 ரூபாய் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே இதையும் வாங்க முடியாது. விண்ணப்பத்தோடும், பிறகு ஆண்டுதோறும் சுய உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இரண்டு பணமும் வங்கிக் கணக்குக்கே வருவதால், மறைப்பது நடக்காத காரியம். பிறகு வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொன்னால், அந்தச் சுமை தாங்க முடியாது.

சிலர் ‘படித்தவனுக்குத் தனித் தொகை’ என்று கேள்விப்பட்டு, ஓய்வூதியத்தை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓய்வூதியம் பத்து ஆண்டுகளில் 1,80,000 ரூபாய். பட்டதாரிக்கு வேலைவாய்ப்பற்றோர் தொகை அதே பத்து ஆண்டுகளில் 1,20,000. பன்னிரண்டாம் வகுப்பு படித்தவருக்கு 90,000, பத்தாம் வகுப்புக்கு 72,000. பத்து ஆண்டோடு அது நின்றும் போகும். ஓய்வூதியத்துக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. வாங்கிக்கொண்டிருக்கும் ஓய்வூதியத்தை இதற்காக யாரும் விட்டுவிட வேண்டாம்.

அப்படியானால் வேலைவாய்ப்பற்றோர் தொகை யாருக்குப் பயன்படும்? நிலம் இருக்கிறது, சம்பாதிக்கும் மகன் இருக்கிறான் என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர்களுக்கு. மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு. ரெண்டு ஏக்கர் நிலத்தின் பெயரால் மகளின் மனு தள்ளப்பட்ட குடும்பம், அவரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தால், ஓராண்டு முடிந்ததும் இந்தத் தொகையைக் கேட்கலாம். நாளைக்கே ஓய்வூதியம் கிடைத்துவிட்டால், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, முதலில் இதை நிறுத்திவிட்டு, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியம் வாங்குபவர்களும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை விட்டுவிடக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருங்கள். பதிவு வேறு, உதவித்தொகை வேறு. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவிகித இடஒதுக்கீடு இருக்கிறது. பதிவு மூப்பில் வரும் வேலைகளுக்கு அந்தப் பதிவு உயிரோடு இருந்தால்தான் கூப்பிடுவார்கள்.

நூறு நாள் வேலைக்குத் தடை இல்லை

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ‘பென்ஷன் வாங்குறவங்க பேரை எடுத்துட்டோம்’ என்று ஊரில் சொன்னால், நம்பிவிட்டுத் திரும்ப வேண்டாம். 2024-25-ல் நடைமுறையில் இருந்த 2005-ம் ஆண்டுச் சட்டம், கிராமத்தில் உள்ள ஒவ்வொரு குடும்பத்திலும் உடலுழைப்பு செய்ய முன்வரும் வயது வந்த எவருக்கும் பொருந்தும். ஓய்வூதியம் வாங்குபவருக்கு வேலை இல்லை என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

தமிழ்நாட்டில் 2012-ல் வெளியான ஊரக வளர்ச்சித் துறை அரசாணை எண் 52, மாற்றுத்திறனாளிகளுக்கு 4 மணி நேர வேலைக்கு முழுக்கூலி என்று சொல்கிறது. மண்வெட்டி பிடித்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. குடிதண்ணீர் கொடுப்பது, வேலைக்கு வரும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கலாம்.

2024-25-க்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். நூறு நாள் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு என்பதை மறக்க வேண்டாம். முழுமையாகக் கிடைத்தால் 31,900 ரூபாய். ஓய்வூதியத்தில் ஆண்டுக்கு வரும் 18,000 ரூபாயையும் சேர்த்தால் 49,900 ரூபாய். இரண்டையும் சேர்த்து வாங்குவது தவறும் அல்ல, சலுகையும் அல்ல.

வேலை கேட்டு எழுதிக் கொடுத்து 15 நாள்களுக்குள் கொடுக்கவில்லை என்றால், அடுத்த நாளிலிருந்து வேலையின்மைப் படி கொடுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 7-வது பிரிவு. முதல் 30 நாள்களுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு பாதிக்குக் குறையாமல். 2024-25 கூலிக்கு அது 79.75 ரூபாய், பிறகு 159.50 ரூபாய். இதை வாங்கியவர் உங்கள் ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். வேலையை வாயால் கேட்கிறோம், அவர்களும் வாயால் மறுக்கிறார்கள். எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச்சீட்டு வாங்கினால்தான் 15 நாள் கணக்கே ஆரம்பிக்கும்.

விவசாயக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. மாற்றுத்திறனாளியைத் தலைவராகக் கொண்ட குடும்பம், சொந்த நிலத்தில் வேலை செய்துகொள்ளும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. பண்ணைக்குட்டை, வரப்பு அமைத்தல், பழமரக்கன்று நடவு, ஆட்டுக்கொட்டகை, மாட்டுக்கொட்டகை ஆகியவற்றைக் கேட்கலாம். வேலை அட்டை இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது அந்த வேலையில் இறங்க வேண்டும். ஆண்டுத் திட்டத்தில் பெயர் சேர்வது கிராம சபையில்தான் என்பதால், அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

சட்டம் இரண்டாக எண்ணுகிறது

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, அரசு தன் நிதி வசதிக்கு உட்பட்டுச் செய்ய வேண்டிய சமூகப் பாதுகாப்புகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் ஓய்வூதியம் ஓர் இனம். சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பதிந்திருந்தும் வேலை கிடைக்காதவருக்கான தொகை தனியாக இன்னோர் இனம். மற்றவர்களுக்குக் கொடுக்கும் உதவியைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவிகிதமாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. முதியோருக்கு 1,200 ரூபாய், மாற்றுத்திறனாளிக்கு 1,500 ரூபாய் என்று இருப்பது சரியாக அந்த 25 சதவிகிதம்தான். வேலைவாய்ப்புத் தொகையில் இரண்டு ஆண்டுக் காத்திருப்பை ஓராண்டாகக் குறைத்திருப்பது நம் மாநிலத்தின் நல்ல காரியம்.

ஆனால், சட்டம் இரண்டாக எண்ணுவதைத் திட்ட விதி ஒன்றாக எண்ணுகிறது. ஓய்வூதியம் எதற்கு? துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக, மூன்று சக்கர வண்டிக்கு டயர் மாற்ற, மருந்து வாங்க. வேலை கிடைத்தாலும் இந்தச் செலவு இருக்கும், கிடைக்காவிட்டாலும் இருக்கும். வேலைவாய்ப்பற்றோர் தொகையோ, படித்த படிப்புக்கு வேலை வரும்வரை கைச்செலவுக்கு. மழை பொய்த்ததற்கு நிவாரணம் வாங்கிய விவசாயியிடம், ‘உனக்கு மானிய விதை கிடையாது’ என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? பட்டதாரிக்கான 1,000 ரூபாய் என்பது நூறு நாள் வேலையின் 2024-25 கூலிக்கு மூன்று நாள் கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓய்வூதியம் வாங்குபவருக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் சோம்பிவிடுவார் என்று சொல்ல, எனக்கு மனம் வரவில்லை. விதி இருக்கும்வரை விதிப்படிதான் நடக்க வேண்டும். விதியை மாற்றச் சொல்லிக் கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கிராம சபையிலும் இதை எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் கேள்விகள்

‘எனக்கு மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது; ஓய்வூதியம் இல்லை. வேலைவாய்ப்பற்றோர் தொகைக்கு என்னென்ன வேண்டும்?’

வேலைவாய்ப்பு அடையாள அட்டை, கல்விச் சான்றுகள், மாற்றுச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை தேவை. விண்ணப்பப் படிவம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். பணம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணக்கில் வரும். ஆண்டு உறுதிமொழியைக் கொடுக்கத் தவறினால் நின்றுவிடும்.

‘வேலைவாய்ப்பற்றோர் தொகை வாங்கிக்கொண்டே நான்கு ஆடு வளர்க்கலாமா?’

வீட்டில் குடும்பத்தினர் ஆடு வளர்ப்பதால் உங்களுக்குத் தொகை நிற்காது. ஆனால், உங்கள் பெயரில் கடன் வாங்கித் தொழிலாக நடத்தினால் அது சுயதொழில். ‘எந்தத் தொழிலும் செய்யவில்லை’ என்ற உறுதிமொழியில் அப்போது கையெழுத்துப் போட முடியாது. நான்கு ஆட்டின் வருமானம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, எது லாபமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

‘டிராக்டர் விபத்தில் கால் போன என் கணவர் வீட்டோடு இருக்கிறார். முதலில் எதைச் செய்வது?’

அம்மா, முதலில் அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி, தனித்துவ அடையாள அட்டைக்குப் பதியுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் திறவுகோல். அடுத்து, உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால், விபத்து உதவிக்குத் தாமதிக்காமல் மனுக் கொடுங்கள். அது ஒருமுறை கிடைக்கும் தொகை. பிறகு இ-சேவை மையத்தில் ஓய்வூதிய மனு. அவர் பத்தாம் வகுப்பு வரையாவது படித்திருந்தால், அதே வாரத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள். ஓய்வூதியம் மறுக்கப்பட்டால், அந்த ஓராண்டுக் காத்திருப்பு வீணாகாமல் இருக்கும்.