இரவல் காமிராவும் மூன்று மணி நேரமும்

புகைப்படப் போட்டிக்குப் படம் அனுப்பப் போவதாக வீட்டுப் பிள்ளை சொன்னதும், விலை உயர்ந்த காமிரா கேட்பானே என்பதுதான் நமது முதல் கவலை. அது வீண் கவலை என்பதற்கு ஒரு வணிகர் மகனே சாட்சி.

அமெரிக்காவில் கம்பளி வியாபாரம் செய்தவரின் மகன் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். 1887-இல் லண்டன் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில், இத்தாலியில் அவர் எடுத்த படம் முதல் பரிசு பெற்றது.

1893 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் கடும் பனிப்புயல். புயலை எதிர்த்து வரும் குதிரை வண்டியைப் படமாக்க எண்ணினார். கையிலிருந்ததோ நண்பரிடம் இரவல் வாங்கிய சிறு காமிரா. ஐந்தாம் அவென்யூவில் மூன்று மணி நேரம் காத்து நின்று, தக்க தருணத்தில் எடுத்தார். நெகடிவைப் பார்த்தவர்கள், தெளிவில்லை, எறிந்துவிடு என்றனர். அவர் எறியவில்லை. வேண்டாத பகுதிகளை வெட்டி, வண்டி எடுப்பாகத் தெரியும்படி பிரதி எடுத்தார். அப்படம் அவருக்கு அழியாப் புகழ் தந்தது.

நாம் மட்டும் வந்த சரக்கை அப்படியேவா விற்கிறோம்? புடைத்து, கல் பொறுக்கி, தரம் பிரித்த பிறகே மாதிரி காட்டுகிறோம். போட்டிப் படமும் அவ்விதமே.

போட்டித் தலைப்பு 'உழைப்பு' என்றால், விடியற்காலையில் மண்டியில் மூட்டை இறங்கும் நேரத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். நூறு படம் எடுக்கட்டும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். படத்தை வெட்டலாமா என்று போட்டி விதிகளையும் படிக்கச் சொல்லுங்கள். காமிரா இரவலாக இருக்கலாம். பொறுமை சொந்தமாக இருக்க வேண்டும்.