புகழ்மொழியைப் பெயர்த்தல்

அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் ஆவுடையார்கோயில் அமைந்துள்ளது. திருப்பெருந்துறை என்பது அதன் பழம்பெயர். மாணிக்கவாசகர் குருவருள் பெற்ற தலமாகிய இவ்வூரில்தான் சிவபுராணம் பாடப்பெற்றது என்பது மரபு. அப்பாடலின் தொடக்க வரிகளை எண்ணிப் பாருங்கள். 'வாழ்க' என்னும் சொல் ஆறு முறையும், 'வெல்க' ஐந்து முறையும், 'போற்றி' எட்டு முறையும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றும் புகழ்மொழிகளே, எனினும் மூன்றும் ஒன்றல்ல. நிலைத்திருக்க விழைவது வாழ்க. மேம்பட விழைவது வெல்க. பணிந்து ஏத்துவது போற்றி. இவ்வேறுபாட்டை வேற்றுமொழியில் எங்ஙனம் காட்டுவது?

இவ்வினாவை நேர்கொண்டவர் ஜி.யு. போப். திருக்குறளை 1886இலும் நாலடியாரை 1893இலும் ஆங்கிலத்தில் தந்த அவர், தம் எண்பதாம் அகவையில், 1900இல், திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 'வாழ்க' என்பதற்கு அவர் தேர்ந்த ஆங்கிலச் சொல் 'ஹெயில்'. இன்றைய ஆங்கிலேயர் செவிக்கு அது பழைய சொல்லாகவும் சடங்கிற்குரிய சொல்லாகவும் ஒலிக்கும். நம் 'வாழ்க'வோ திருமண வாழ்த்திதழிலும் தேர்தல் சுவரிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆயினும் போப்பின் தேர்வு பொருந்தாதது அன்று. 'ஹெயில்' என்பதன் வேர்ப்பொருள் 'நலமுடன், குறைவின்றி' என்பதாகும். அதுவும் ஒருவர் நன்றாக இருக்க விழையும் சொல்லே.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. 'ஹெயில்' ஆங்கிலத்தின் பிறவிச் சொல்லன்று; வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. மாணிக்கவாசகர் வாழ்ந்ததாகப் பலரும் கருதும் 9ஆம் நூற்றாண்டில்தான், அம்மொழி வழக்குகளைப் பேசிய டேனியர் கடல் கடந்து இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறினர். அவர்களோடு ஏராளமான சொற்களும் ஆங்கிலத்தில் குடிபுகுந்தன. டேனிய மொழியும் ஆங்கிலமும் இவ்வாறு நெருங்கிய உறவினை உடையவை. உறவுமொழிகளுக்கு இடையே புகழ்மொழியைப் பெயர்ப்பது எளிது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு.

டேனியர் பிறந்தநாளிலும் தேர்வில் வென்ற நாளிலும் 'டிலுக்க' என்பர். 'நற்பேற்றிற்கு' என்பது அதன் சொற்பொருள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரே நிகர்ச்சொல் இல்லை. பிறந்தநாளுக்கு ஒரு தொடரும், வெற்றிக்கு 'உடன் மகிழ்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன வழிச் சொல்லும் வேண்டும். தேர்வுக்குச் செல்பவரிடம் 'டிலுக்க' என்று டேனியர் கூறார். அதற்கு வேறு தொடர் உண்டு. நம் 'வாழ்த்து' இதனினும் அகன்றது. தேர்வுக்கு முன்னும் வாழ்த்துவோம், வென்ற பின்னும் வாழ்த்துவோம். 'பாராட்டு' மட்டும் செயல் முடிந்த பிறகே வரும். செயலைக் காணுமுன் பாராட்டுவோரும் உளர்; அவர்களைக் குறிக்கத்தான் 'முகத்துதி', 'இச்சகம்' என்னும் சொற்களைத் தமிழ் வைத்திருக்கிறது.

புகழ்ச்சிக்குரிய பொதுச்சொல் டேனியத்தில் 'ரோஸ்'. அதன் உறவுச் சொல் ஸ்காட்லாந்து வழக்கில் நெடுநாள் தங்கியிருந்தது. பொது ஆங்கிலம் பிரெஞ்சு வழியாகப் பெற்ற 'பிரெய்ஸ்' என்பதைக் கைக்கொண்டது. விலையைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லே அதன் மூலம். பரிசினைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பம். ஒருவரைப் புகழ்வது அவருக்கு விலைமதிப்பு இடுவதாக அங்கே கருதப்பட்டது. நம்முடைய 'மதித்தல்' என்னும் சொல்லிலும் அளவிடுதல், பெருமை செய்தல் ஆகிய இரு பொருள்கள் உள்ளன.

'போற்றி' இக்கணக்கிற்கு உட்படாது. போற்றுதல் என்பதற்குப் புகழ்தல் மட்டுமன்றிப் பேணுதல், காத்தல் என்னும் பொருள்களும் உண்டு. கூடியவரை விட்டு அகலாதிருத்தலே போற்றுதல் எனக் கலித்தொகை இலக்கணம் வகுக்கிறது. புகழ்வோர் அருகிலேயே நிற்க வேண்டும் என்கிறது இச்சொல். ஆங்கிலத்தில் புகழ்வதற்கு ஒரு சொல், பேணுவதற்கு வேறொரு சொல். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது நழுவும். போப்பைப் போன்ற புலமையாளரும் விலக்க இயலாத இழப்பு இது.

அன்றாடப் புகழ்ச்சியில் இழப்பு மட்டுமன்று, இடரும் நேரும். டேனிய ஆசிரியர் நன்றாகப் படிக்கும் மாணவரை 'டுக்தி' என்பார். உழைப்பும் கைத்திறனும் செயலாற்றலும் சேர்ந்த சொல் அது. அகராதி பார்த்து ஆங்கிலத்தில் 'அறிவாளி' எனப் பெயர்த்தால் உழைப்பு மறைந்துவிடும். 'திறமையுடையவர்' என்றால் அன்பு மறைந்துவிடும். நம் பள்ளிகளில் 'அடக்கமான மாணவி' என்பது உயர்ந்த பாராட்டு. மேற்படிப்புக்கான பரிந்துரை மடலில் அதனை 'அதிகம் பேசாதவர்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் அதனைக் குறையாகக் கொள்ளக்கூடும். ஓர் இடம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அச்சொல்லைப் பொறுத்து அமையலாம்.

டேனியரின் புகழ்ச்சி பெரும்பாலும் அடங்கிய குரலில் வரும். தன்னைப் பிறரினும் மேலானவனாக எண்ணாதே என்னும் எழுதாச் சட்டம் ஒன்று அங்கே உண்டு. டென்மார்க்கில் பிறந்த எழுத்தாளர் அக்செல் சண்டமோசா 1933இல் எழுதிய புதினத்தில் அதற்கு 'யாந்தேயின் சட்டம்' எனப் பெயரிட்டார். மேற்கு டென்மார்க்கில் 'அவ்வளவு மோசமில்லை' என்பதே மிகப் பெரிய பாராட்டாக அமைவதுண்டு. அதனை அப்படியே ஆங்கிலத்தில் தந்தால் கேட்பவர் முகம் சுருங்கும். நமக்கு இது புதிதன்று. எளிதில் எதையும் மெச்சாத பெரியவர் ஒருவர், 'பரவாயில்லை, நன்றாகத்தான் செய்திருக்கிறாய்' என்றால், அதன் எடை நமக்குத் தெரியும்.

டேனியம் தமிழ்க்கரைக்கும் வந்த மொழியே. தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 1620இல், டேனியர் தரங்கம்பாடியில் கால்கொண்டனர். 1845இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். டேனிய அரசர் அனுப்ப 1706இல் அங்கு வந்த செருமானியர் சீகன்பால்கு, நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். அறநூல்களைப் பெயர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. 'செய்' என்பதும் 'செய்யாதே' என்பதும் எம்மொழியிலும் உண்டு. புகழ்மொழியிலோ, சொல்லோடு சொல்பவரின் நிலையும் குரலும் சேர்ந்தே பொருள் தருகின்றன.

இதற்கு ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் (95) கடினமான தேர்வு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது அவர் பாடியது அது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையில் விளங்குகின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வது போலப் பழித்தலும், பழிப்பது போலப் புகழ்தலும் அதில் ஒருங்கே உள்ளன. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் ஒருவர் பாடலில் ஒரு பிழையும் செய்யமாட்டார். ஆயினும் அவர் பெயர்ப்பைக் கேட்கும் தொண்டைமான் மகிழ்ந்து பரிசில் வழங்கிவிடுவான்.